பெரிய வெள்ளியன்று அண்ணன் ஓட்டிய கார்

என் அண்ணன் இலங்கை மலைநாட்டில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் வாங்கிய பழைய காரை அறுபது தாண்டியும் அவரே ஓட்டினார். எங்கள் ஆட்களில் அந்தப் பக்கம் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதை அவர் வாயால் சொல்லத் தேவையில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காரும் தோரணையே சொல்லிவிடும். டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் அவர்களோடு வாரக்கணக்கில் பேசமாட்டார்.

நான் அவருடைய தங்கை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி இறந்த பிறகு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாகப் பேராதனை வழியே கண்டிக்குப் பூசைக்குப் போவோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அண்ணனுக்கு ஒரு புதுக் குணம் வந்தது. ரோட்டில் யார் எதிர்ப்பட்டாலும் என்னிடம் கேட்பார்: “யாரு வர்றது, தங்கச்சி?” நான் சொல்வேன், கங்காணி வீட்டு ஆட்கள், இடப்பக்கமாக வருகிறார்கள் என்று. அவர் அந்தப் பக்கம் திரும்பித் தலையை அசைப்பார். அவர்களும் சலாம் வைத்துவிட்டுப் போவார்கள். வேலையில் இருந்த காலத்தில் எவரையும் நிமிர்ந்து பாராத மனிதர்! வயது போகப் போக மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமையும் காரில்தான் புறப்பட்டோம். எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு விடிந்ததிலிருந்து கோயிலில் சிலுவையை முத்தமிடும் வரைக்கும் பெண்கள் வாய் திறப்பதில்லை. அம்மா காலத்துப் பழக்கம், நானும் விடவில்லை. அண்ணனுக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனாலும் மலையிறக்கத்தில், உச்சி வெயிலில், வழக்கம்போலக் கேட்டார்.

“யாரு வர்றது?”

மறந்துவிட்டார் என்று எண்ணி உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

எதிரே தோட்டத்து ஜனங்கள் மேலே இருந்த தோட்டத்துக் கோயிலுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மற்ற நாளென்றால் வளைவுக்கு அப்பாலேயே அவர்கள் பேச்சும் சிரிப்பும் கேட்டிருக்கும். அன்று அவர்களும் மௌனம். காலில் செருப்பில்லை, பிள்ளைகள்கூடச் சத்தமில்லாமல் வந்தன. ரோடு முழுக்க ஆட்கள். கார் நேராக அவர்கள் நடுவே போகிறது. அண்ணனின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“அண்ணே, ஆளுங்க!” என்று அலறினேன்.

கார் குலுங்கிக்கொண்டு நின்றது. ஒரு பெண்ணின் குடை சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. அவள் ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கிடந்தாள். இறங்கி ஓடினேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான், தேவ கிருபை. வேறு நாளில் வேறு யாராவது என்றால் காரை உடைத்திருப்பார்கள். இவர்களோ அவளைத் தூக்கிவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல், பெரிய கிளாக்கருக்குச் சலாம் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் சலாமைத் திருப்பவில்லை.

அவர்கள் போனபின் அண்ணன் சொன்னது இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

“நீ ஒண்ணும் சொல்லலியே. நீ சொல்லாட்டி ரோட்டுல யாருமில்லன்னுதானே அர்த்தம்?”

எத்தனை ஞாயிறு, எத்தனை வளைவு, எத்தனை பிள்ளைகள்! இத்தனை நாளும் இந்த மனிதர் பழகிய ரோட்டின் ஞாபகத்தையும் என் வாயையும் நம்பி வண்டி ஓட்டியிருக்கிறார். நானோ ஊர்க்கதை பேசுவதாக நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பயத்தைவிடக் கோபம்தான் முந்தி வந்தது. கண் தெரியவில்லையா என்று கேட்டேன். வெயிலில் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். கோயிலுக்கு நேரமாகிறது, ஏறு, இனிமேல் பேசிக்கொண்டே வா என்றார், எதுவுமே நடக்காததுபோல.

“நான் ஏறமாட்டேன். நீங்களும் இனி இத ஓட்டக்கூடாது.”

“பஸ்ஸு வர்ற எடத்துல நின்னு, இது எந்த பஸ்ஸுன்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் கேக்கச் சொல்றியா என்னை?”

நான் காரின் முன்பக்கம் போய், சக்கரத்துக்கு அடியில் இருந்து குடையை இழுத்து எடுத்தேன். கம்பியெல்லாம் வளைந்திருந்தது. அது ஒரு பிள்ளையாக இருந்திருந்தால்!

அண்ணன் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். பிறகு கதவைத் திறந்து, மட்கார்டைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்தார். காரில் இருக்கும்போது தெரிந்த மிடுக்கில் கொஞ்சம்கூட இப்போது இல்லை. கானுக்கு ஓரடி முன்னால் நின்று இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பினார்.

“தங்கச்சி, போயிட்டியா?” என்று கேட்டார்.

நான் அவருக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.