அண்ணாச்சியின் மடக்கு ஸ்டூல்

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மடக்கு ஸ்டூல் தொங்குகிறது. மூன்று கால், பச்சைக் கேன்வாஸ், நடுவில் காய்ந்த பழுப்புக் கறை. தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி என் பொண்டாட்டிக்கு வாய் வலித்துவிட்டது. எங்கள் முதலாளி உட்கார்ந்த இடம் இது. ஒரு பகல் முழுக்க மலை முகட்டில் இதை முதுகில் சுமந்தவன் நான்.

தி.நகரில் துணிக்கடை. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். கடையில் விற்பனையாட்கள் உட்காரக் கூடாது. ஷட்டர் தூக்கினதிலிருந்து இறக்கும்வரை நிற்க வேண்டும். தூணில் சாய்ந்தால்கூடக் கேமராவில் பார்த்து மைக்கில் கூப்பிடுவார். அவர் மட்டும் கல்லாவில், மெத்தை போட்ட நாற்காலியில். அதிலேயே கிடந்து உடம்பு ஊதிப்போக, டாக்டர் நடக்கச் சொன்னார். நந்தனத்தில் காலை நடை போகும் பெரிய மனுஷர்களோடு சேர்ந்தார். அவர்கள் மலையேறின பெருமையைப் பேச, இவருக்கும் ஆசை வந்துவிட்டது. பொங்கல் வியாபாரம் முடிந்ததும் வருஷா வருஷம் கடைக்கு டூர் உண்டு. கோயில், அருவி என்று போவோம். அந்த வருஷம் மேற்கு மலையில் முகட்டுப் பாதை. விடியலில் ஏறிப் பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். “நாள்பூரா நிக்க பயலுவளுக்கு நடக்கதுக்கு என்னல கஷ்டம்?” என்றார். நிற்பதும் நடப்பதும் ஒன்றென்று நம்புகிற மூளை அது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயம். மழை வருமோ, அட்டை கடிக்குமோ, யானை வருமோ என்று தூக்கம் கெட்டு, உப்பு, டார்ச், கட்டுத்துணி என்று பையை நிரப்பினேன். “இன்னா நைனா, மலைக்குப் போறியா, குடித்தனம் போறியா?” என்று சிரித்தார் சட்டை செக்‌ஷன் அண்ணன். என்னோடு ஒரே கவுன்டரில் நின்றவர். அவருடைய இடது கெண்டைக்காலில் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பேன்ட்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். விஷயம் எனக்கு மட்டும் தெரியும். யானையைவிட அந்தக் காலைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முகட்டில் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, இன்னொரு பக்கம் வெறும் மேகம். நடுவே ஓராள் போகிற தடம், இடுப்பளவு புல், ஆளையே தள்ளுகிற காற்று. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை அண்ணாச்சி கையைத் தூக்குவார். நான் ஓடிப்போய் ஸ்டூலை விரிக்க வேண்டும். அவர் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்பார், போட்டோ எடுத்துக்கொள்வார். நாங்கள் சுற்றி நிற்போம். யாராவது புல்லில் உட்காரப் போனால், “உக்காந்தா காலு பிடிச்சிக்கிடும்ல, நில்லு!” மலைமேலும் கடை நடத்திய மகான். நாங்களும் நின்றோம். பழக்கம்.

மத்தியானத்துக்கு மேல், ஒரு பாறை இறக்கத்தில், முன்னால் போன அண்ணனின் ஷூ சிவப்பாக இருந்தது. பேன்ட்டைத் தூக்கினால் நரம்பு வெடித்து ரத்தம் பீச்சுகிறது. “ஒண்ணும் இல்ல நைனா, கீறல்தான்,” என்றார். பார்வை மட்டும் அண்ணாச்சி மேலேயே இருந்தது. வழிகாட்ட வந்த மலைக்காரர், “படுக்க வைங்க, காலை ஒசத்துங்க,” என்று கத்தினார். அண்ணாச்சியோ, “ஒரு ஆளுக்காவ எல்லாரும் நிக்க முடியுமா? துணியக் கட்டிட்டு நடக்கச் சொல்லுல. இருட்டிரும்லா,” என்றார். உட்கார்ந்து உட்கார்ந்து பொழுதைத் தின்றவர் யார்?

நான் அவரைப் பார்க்காமல் ஸ்டூலை விரித்தேன். அண்ணனைப் புல்லில் சாய்த்து, அந்தக் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்து, கட்டுத்துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தேன். என் பையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி மட்டும் நின்றார். ரத்தம் கட்டுப்படும்வரை அந்தப் பெரிய மனுஷர் சொன்னது ஒன்றுதான்: “ஏல, ஸ்டூல்ல கறை ஆயிட்டே.”

எஸ்டேட் பாதை வழியாக அண்ணனைத் தோள்கொடுத்து இறக்கினோம். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தோம். நிறுத்திய இடத்திலெல்லாம் அண்ணாச்சி தொடை நடுங்க நின்றார். தரையில் உட்கார்ந்தால் மரியாதை போய்விடுமாம். ஜீப் ரோட்டில் ஸ்டூலை நீட்டினேன். முகத்தைச் சுளித்து, “அதுல இனி எவன் உக்காருவான்? நீயே வச்சிக்க,” என்றார்.

அண்ணனுக்குக் கால் தப்பியது. வேலை தப்பவில்லை. “கால் சரியில்லாதவன நிறுத்தினா கஸ்டமர் என்ன நெனப்பான்?” என்று அனுப்பிவிட்டார். இப்போது அண்ணன் கே.கே. நகரில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன். பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு எங்கள் கவுன்டருக்கும் ஒரு ஸ்டூல் வந்தது. அதன்மேல் எப்போதும் வேட்டிக் கட்டு அடுக்கியிருக்கும். கல்லாவுக்கு மேலே, முகட்டில் அண்ணாச்சி தடியோடு நிற்கிற போட்டோ. கேட்கிறவர்களிடமெல்லாம், “பாதி மலைக்கு மேல ஒரு நிமிசம்கூட உக்காரல சார். வில்பவர்!” என்பார்.

அந்த வில்பவர்தான் என் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அண்ணன் வீட்டுக்கு வந்தால் எடுத்து விரிப்பேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இடது காலைத் தூக்கிக் கறைமேல் வைப்பார். “அண்ணாச்சி சீட்டு நைனா, சும்மாவா!” என்று சொல்லி, குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பார்.