இருபத்தைந்து வாட்ஸ்

இருபது வருஷம் இரும்பு உலைக்கு முன்னால் நின்றவனுக்குச் சின்னச் சூட்டின் மேல் எங்கிருந்து மரியாதை வரும்? கும்மிடிப்பூண்டி பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் வரதன், புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு ஈயத்தை உருக்கி ஒட்ட இருபத்தைந்து வாட்ஸ் சால்டரிங் அயர்னே போதும், முனை ஊசியாக இருந்தால் இன்னும் நல்லது என்று படித்துப் படித்துச் சொன்னார். பாக்கியராஜ் கேட்கவில்லை. "இத்துனூண்டு சூட்டுல இன்னாண்ணா உருகும்?" என்று நூறு வாட்ஸை வாங்கிக்கொண்டு போனான்.

பாவம், அவசரம் அவனுக்கு. பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று துள்ளி வலது கையில் விழுந்ததோடு இரும்பு மில் வேலை போயிற்று. காண்டிராக்ட் ஆளுக்காகக் கேட்க நாதியில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவனுக்குத் தோன்றியது ரேடியோ, சார்ஜர் ரிப்பேர்தான். அதுவும் போனால் சோற்றுக்கு மனைவி ஹெலன் கையைத்தான் பார்க்க வேண்டும். புண் ஆறிய விரல்கள் மரத்துக் கிடப்பதை அவளிடம்கூட அவன் சொல்லவில்லை. சொன்னால் இதற்கும் விடமாட்டாள்.

பக்கத்து வீட்டுக் குணசுந்தரி நம்பித் தன் ரேடியோவைக் கொடுத்தாள். நூறு வாட்ஸ் பட்டதும் போர்டிலிருந்த செம்புக் கோடெல்லாம் உரிந்து எழும்பிவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். அவள் ரேடியோவை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

வெட்கத்தை விட்டு மறுபடியும் கடைக்குப் போனான். வரதன் குத்திக்காட்டாமல் சின்னதை மாற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டிலிருந்த பழைய சார்ஜரைத் திறந்து உட்கார்ந்தான். ஊசிமுனை பட்டதும் ஈயம் பளபளவென்று உருகி, வேண்டிய இடத்தில் மட்டும் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மில்லை விட்டபின் அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த ஹெலன், வாசலிலேயே நின்று, என்னவோ கருகுகிறதே என்றாள். ஈயத்தோடு போடுகிற பேஸ்ட் அப்படித்தான் நாறும் என்றான். அவள் கிட்டே வந்து பார்த்தாள். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். கைப்பிடியிலிருந்து நழுவிய அவன் விரல்கள் இரண்டு அயர்னின் சுடுகிற குழாயின் மேல் படிந்திருந்தன.

"ஏங்க, வலிக்கலியா?"

அப்போதுதான் அவனும் குனிந்து பார்த்தான். விரல்களை எடுத்தான்.

"வலி தெரிஞ்சாதானே ஹெலனு, பொழைக்க முடியும்" என்றான்.