முழங்காலுக்கு வாங்கிய வாக்கிடாக்கி

எங்கள் நால்வரில் ஒருவனுக்கு முழங்கால் மடங்காமல் போனது. அதற்கு வைத்தியமாக மற்ற மூவரும் சேர்ந்து ஒரு ஜோடி வாக்கிடாக்கி வாங்கினோம். வாசகர் இந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் பேருந்து ஏறி ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். புதுச்சேரியில் மலை கிடையாது என்பதுதான் காரணம். கடலைத் தினமும் பார்த்து வளர்ந்தவனுக்குக் கடற்கரை ஓர் இடமாகவே கணக்கில் வராது. வெளியூர்க்காரர்கள் எங்கள் கடலைப் பார்க்கப் பணம் கட்டி வந்து இறங்கும் அதே நாளில், நாங்கள் பணம் கட்டிச் செஞ்சிக்கோ மயிலத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போய், உச்சியில் நின்று, கடல் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்ததில்லை.

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். இன்னொருவன் வங்கிக்காரன். மூன்றாமவன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். மின்சாரம் பாயும் எதையும் தன்னால் சரிசெய்ய முடியும் என்று நம்பினான், கடைக்கு வந்த பெட்டிகள் அப்படி நம்பவில்லை. நான்காமவன் பஞ்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த மில்காரன். உண்மையில் எங்கள் பயணங்கள் அவனுடையவை. எந்தப் பேருந்து எங்கே நிற்கும், எந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது, சோற்றை எந்த நேரத்துக்குப் பிரிக்க வேண்டும் எல்லாம் அவனுக்குத் தெரியும். நாங்கள் நாக்கு தள்ள உச்சிக்குப் போய்ச் சேரும்போது அவன் அங்கே பாதி பீடி பிடித்திருப்பான்.

ஒரு நாள் அவன் தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு வைக்கோல் வண்டிக்கு ஒதுங்கப் போய் மொபெட்டோடு சரிந்தான். எலும்பு கூடிவிட்டது. முட்டி மட்டும் மடங்க மறுத்துவிட்டது. நடப்பான், படி ஏற முடியாது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் எங்களோடு வந்து, மலையடியில் எங்கள் செருப்புகளுக்கும் சோற்று மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் முறை திரும்பும் பேருந்தில், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரலடா. செருப்ப பாத்துக்க ஆள் வேணும்னா கோயில் வாசல்லயே டோக்கன் குடுக்குறாங்க."

இது எங்களை உலுக்கிவிட்டது. அவன் இல்லாமல் எந்தப் பேருந்தில் ஏறுவது என்றே எங்களுக்குத் தெரியாது. மறுநாள் மாலையே கடற்கரைச் சாலைச் சுவரில் மூவரும் கூடிப் பேசினோம். மலை இல்லாத இடத்துக்குப் போகலாம் என்றோ, ஆளுக்கொரு மாதம் அவனோடு கீழேயே இருக்கலாம் என்றோ அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அவை செலவில்லாத யோசனைகள். செலவில்லாத யோசனைக்கு எங்கள் மத்தியில் மதிப்புக் குறைவு. ரேடியோக்காரன்தான் வாக்கிடாக்கி என்ற சொல்லைப் போட்டான். மேலே ஒன்று, கீழே ஒன்று. நாங்கள் பார்ப்பதையெல்லாம் அவன் கேட்பான். கேட்பதும் பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று வங்கிக்காரன் ஆமோதித்தான்.

விலை குறைவாக இருக்க வேண்டும், தூரம் நிறைய எட்ட வேண்டும், போலீஸ் பிடிக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் வைத்தோம். மூன்றாவதற்கு நான் பொறுப்பு. அலுவலகத்தில் ஒரு மேலதிகாரியிடம், ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, கம்பியில்லாமல் பேசும் கருவி வைத்திருக்கலாமா என்று கேட்டேன். டெல்லியிலிருந்து அனுமதி வாங்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டார். நண்பனுடைய முட்டிக்கு என்றேன். அன்று முதல் அவர் என்னிடம் கோப்புகளை மிகவும் மென்மையாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

முதலில் சென்னைக்குப் போய்ப் பர்மா பஜாரில் ஒரு ஜோடி பார்த்தோம். டப்பாவில் ராக்கெட் படம் போட்டிருந்தது. இரண்டு மைல் எட்டும் என்றான் விற்பவன். சோதித்துக் காட்டச் சொன்னதும் கடையின் ஒரு மூலையில் அவனும் மறு மூலையில் வங்கிக்காரனும் நின்று பேசினார்கள். மிகத் தெளிவாகக் கேட்டது. கருவியை அணைத்த பிறகும் அதே தெளிவு. வாங்காமல் ஊர் திரும்பினோம். இந்தப் பணத்துக்கு நானே ஒன்று செய்துவிடுவேன் என்று ரேடியோக்காரன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டான். அவன் செய்தது வேலை செய்தது. திருச்சி வானொலியில் வேளாண் செய்திகள் அதில் அருமையாகக் கேட்டன. நாங்கள் பேசியது மட்டும் கேட்கவில்லை.

கடைசியில் வங்கிக்காரன் தெருவில் இருந்த ஒரு சொல்தா வீட்டில் கிடைத்தது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவர். பிரான்சில் இருக்கும் அவர் மகன்கள் பனியில் விளையாட வாங்கியதாம், அலுத்துப்போய் அப்பாவிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். செங்கல் அளவு, செங்கல் எடை. விலையைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவர் பிரெஞ்சிலும் நாங்கள் தமிழிலும் பேரம் பேசினோம். யார் ஜெயித்தது என்று இன்றுவரை தெரியாது.

கடற்கரைச் சாலையில் சோதனை. கலங்கரை விளக்கத்தருகே நானும் ரேடியோக்காரனும், தெற்குக் கோடியில் வங்கிக்காரன். குரல் தெளிவாக வந்தது. இரண்டாவது நிமிடம் போலீஸின் சிவப்புத் தொப்பி ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து நின்றது.

"இன்னா சார் இது?"

"பொம்மை சார்," என்றான் ரேடியோக்காரன்.

காவலர் கையை நீட்டினார். என் அரசு வேலை அந்தக் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. அவர் வாங்கி, பொத்தானை அழுத்தி, "சாப்டியா?" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வங்கிக்காரன், "இல்லடா, உன்ன மாதிரி எனக்கு யாரு ஆக்கிப் போடுறா," என்றான். காவலர் சற்று யோசித்துவிட்டு, அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லையா, ஜாதகம் பார்த்தாயிற்றா என்று விசாரித்துக்கொண்டே போனார். பேட்டரி பாதி தீர்ந்தபின் கருவியைத் திருப்பிக் கொடுத்து, "நல்ல பொம்மை," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அதை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்தில் மில்காரன் வீட்டுக்குப் போனோம். அவன் காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி காபி கொடுத்தபடி, "கூட்டிக்கினு போங்கண்ணா. வூட்ல இருந்தா கொழம்புல உப்பு இல்ல, ரசத்துல புளி இல்லன்னு உயிர எடுக்குது," என்றாள்.

மில்காரன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணணும்?"

"நாங்க மேல பேசுறத நீ கீழேருந்து கேக்கலாம்."

"நான் பேசுனா?"

"நாங்க கேப்போம்."

அவன் கருவியை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "செரி. இந்த ஒரு தடவ வர்றேன். இதுவும் சரிப்படலன்னா அப்பறம் என்ன கூப்புடாதீங்க. நீங்க கூப்புட்டு, நான் வரலன்னு சொல்லி, அது ஒரு வேல."

செஞ்சிக்கோட்டை, ராஜகிரி. அவனை அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினோம். பேசுவதற்குப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால்தான் அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். செங்குத்துப் படியில் ஒரு கையால் செங்கல்லையும் அழுத்திக்கொண்டு ஏற முடியவில்லை. அப்போது வங்கிக்காரனுக்கு அன்பு பொங்கியது. "ஒரு வார்த்த கூட அவனுக்கு விட்டுப் போவக் கூடாதுடா." ரேடியோக்காரன் உடனே பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை எடுத்துப் பொத்தானை இறுக்கிக் கட்டி, கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டான். இனி எங்கள் பயணம் முழுவதும் இடைவிடாமல் அவன் காதுக்குப் போகும். அவனுக்கும் சொல்ல ஏதாவது இருக்கலாம் என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சிறிது தூரம் வங்கிக்காரன் வர்ணனை செய்தான். "இப்ப நாங்க ஒரு பாறையத் தாண்டுறோம். பாறை கருப்பா இருக்குது. பக்கத்துல இன்னொரு பாறை. அதுவும் கருப்பு." அவனுக்கே சலித்துவிட்டது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் தோளில் தொங்குவதை மூவருமே மறந்தோம். வலது ஓரமாக ஏறிய வங்கிக்காரன் ஒரு படியில் வழுக்கி உட்கார்ந்தான். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு சிறிய பாலம். அங்கே ஒரு குரங்கு எலுமிச்சை சோற்றுப் பொட்டலத்தை மிகவும் மரியாதையாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனது. யார் அதைப் பையின் மேலே வைத்தது என்று சண்டை வந்தது. பசியும் வெயிலும் சேர்ந்த அந்தச் சண்டையின் முடிவில் ரேடியோக்காரன் தோளை உலுக்கிக்கொண்டு சொன்னான்.

"அடுத்த தடவ இத்தயெல்லாம் என்னால தூக்க முடியாதுப்பா. அவன் வூட்லயே இருக்கட்டும். அவனுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"மனசு கஷ்டப்படுவான்டா."

"பட்டா படட்டும். நம்ம முட்டிய கழட்டியா குடுக்க முடியும்?"

நான் எதுவும் சொல்லவில்லை. ஏறும்போது பேசினால் மூச்சு வீணாகும் என்பது என் கொள்கை.

பிறகுதான் மூவர் கண்ணும் ஒரே நேரத்தில் அந்த டியூப் துண்டின் மேல் போனது. ரேடியோக்காரன் அவசரமாக அவிழ்த்தான். "மச்சான், கேக்குதாடா?" பதில் இல்லை. இரைச்சல்கூட இல்லை. இடைவிடாமல் பேசியதில் எங்கள் பேட்டரி செத்துவிட்டிருந்தது. எப்போது செத்தது என்பதுதான் கேள்வி. ரேடியோக்காரன் அதைச் சொன்னதற்கு முன்பா, பின்பா? இவ்வளவு பேட்டரிகளைப் பார்த்தவன், அது சீக்கிரம் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். உச்சியில் கடல் தெரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மில்காரன் பாண்டிக்குப் பேருந்து ஏறிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டே இறங்கினோம்.

அவன் பெஞ்சில்தான் இருந்தான். சுற்றி டீக்கடைக்காரர், ஒரு பேருந்து ஓட்டுநர், வேர்க்கடலை விற்கும் அம்மா, இன்னும் யாரோ சிலர், கிரிக்கெட் வர்ணனை முடிந்து எழுந்திருக்க மனமில்லாதவர்கள்போல. கடலைக்கார அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னிடம், "கொரங்குக்கு சோறு குடுத்தது நீயா?" என்றாள். பிறகு ரேடியோக்காரனிடம், "அப்ப அது நீதான்," என்றாள். எது என்று அவன் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்து திண்டிவனம் வந்தது. அதற்குமேல் வங்கிக்காரனால் தாங்க முடியவில்லை.

"எல்லாம் கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணுமே சொல்லல?"

மில்காரன் அவனைத் திரும்பிப் பார்த்தான். "சொல்லாம? வாய் ஓயாம சொல்லிக்கினுதான் இருந்தேன். வலது பக்கம் வழுக்கும், எடது பக்கமா ஏறுன்னேன். நீ தொப்புன்னு வுழுந்தது கேட்டுச்சு. பாலத்தாண்ட கொரங்கு நிக்கும், சோத்த உள்ள வையின்னேன். அது புடுங்குனதும் கேட்டுச்சு. அப்பறம் இவன் அத்த சொன்னான். அதுக்கும் பதில் சொன்னேன்."

"இன்னா சொன்ன?" ரேடியோக்காரனின் குரல் எங்களுக்கே கேட்கவில்லை.

"கடலக்காரம்மாவ போய்க் கேளு. அந்தம்மாவுக்குத்தான் கேட்டுச்சு."

மில்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த மாதம் வருவேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. பேருந்து ஒவ்வொரு ஊராக நின்று நின்று போனது. பாண்டி நிலையத்தில் இறங்கும்போது ரேடியோக்காரன் அவனுக்குக் கை கொடுக்கப் போனான். மில்காரன் கையைத் தட்டிவிட்டு, கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினான். இறங்கி நின்றதும் ரேடியோக்காரன் அவன் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த மாசம் நான் கீழ இருக்கேன்," என்றான்.

"நீயா?"

"நான்தான்."

"ரெண்டு மணி நேரம் உன் பேச்ச யாருடா கேக்குறது?" என்றான் மில்காரன். பிறகு, காலை இழுத்து இரண்டடி வைத்துவிட்டு, "காலைல மொத வண்டி. லேட்டா வந்தா நிக்க மாட்டேன்," என்றான்.

வாக்கிடாக்கியைச் சொல்தாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். அவர் பிரெஞ்சில் மறுத்துவிட்டார். ரேடியோக்காரன் அதைக் கழற்றி வேறு எதற்கோ பயன்படுத்தினான். அந்த வேறு எதுவும் வேலை செய்யவில்லை.

அடுத்த மாதம் திருக்கழுக்குன்றம். நானும் வங்கிக்காரனும் மட்டும் படியேறினோம். இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்ல ஆளில்லாமல் இருவரும் மாறி மாறி வழுக்கினோம். இறங்கி வந்தபோது, கோயில் தெருவில் ஒரு கடை வாசலில் மற்ற இருவரும் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மொபெட்டை அன்று எந்தப் பக்கம் ஒடித்திருந்தால் வைக்கோல் வண்டியில் மோதாமல் சரிந்தும் விழாமல் தப்பியிருக்கலாம் என்பது விவகாரம். ரேடியோக்காரன் தரையில் கோடு போட்டுக் காட்டினான். மில்காரன் நல்ல காலால் அந்தக் கோட்டை அழித்தான். பேருந்து வந்த பிறகும் அது தீரவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு இடம் இருக்கிறதா என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல், செங்கல்பட்டு தாண்டியும் பேசிக்கொண்டே வந்தார்கள்.