பட்டியல் கெட்ட குளிர்காலம்

வங்காளத்தில், பாலிகஞ்சில் லாரிச் சரக்கு ஆபீஸ் ஒன்றில் நான் டீ போட்டுக் கொடுக்கிறேன். அங்கே நான்கு பேர், நான்கு கம்ப்யூட்டர், எல்லாருக்கும் ஒரே பட்டியல். எந்தச் சரக்கு எந்தக் குடோனில் கிடக்கிறது என்று நாலு பேரும் அதில்தான் எழுதுவார்கள். போன குளிர்காலத்தில் அது திரும்பத் திரும்பக் கெட்டது. கெட்டால் யாருக்கும் திறக்காது. முந்தின நாள் நகலைப் போட்டு, காலையிலிருந்து எழுதியதை மறுபடி எழுதுவார்கள். அன்றைக்கு டீ கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

ஆபீசை நடத்தும் பெரிய பாபுவுக்கு டைப் அடிக்கும் பெண் மேல் சந்தேகம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அதிகம் எழுதுகிறவள் அவள், அதனால் கெடுக்கிறவளும் அவள் என்று முடிவு செய்துவிட்டார். இன்னொரு தடவை கெட்டால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியும் விட்டார். காளிகாட்டில் அவள் தங்கியிருந்த விடுதியில் வேலை உள்ளவர்களுக்குத்தான் இடம். வேலை போனால் அண்ணன் வீடுதான்.

"அண்ணி ஒரு வாரத்துக்கு என்னைய விருந்தாளின்னு நெனப்பாங்கம்மா. அப்புறம் பாத்திரம் தேய்க்கிறவள்னு நெனப்பாங்க" என்றாள் என்னிடம்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் இரண்டு நாள் வந்தார். வைரஸ் தேடினார், வயரை மாற்றினார், பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். எல்லாரையும் விசாரித்தார். அவருக்கு நான் டீ கொடுக்கிற மாஷி, அதாவது சித்தி; என்னை விசாரிக்கக் காரணம் இல்லை.

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. வெயில் அடிக்கிற நாளில் பெரிய பாபு பதினொரு மணிக்குக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு, மொட்டை மாடிக்கு வெயில் காயப் போவார். இந்த ஊரில் அது குற்றமில்லை. அவருக்கு டீ அங்கேதான் போக வேண்டும். மூன்று மாடி ஏறிக் கொடுத்துவிட்டு நான் இறங்கி வந்தால், கீழே எல்லாரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். பனி மூடிய நாளில் நானும் ஏற மாட்டேன், பட்டியலும் கெடாது. என் முட்டி வலித்த நாளெல்லாம் பட்டியல் கெட்ட நாள்.

அதை எப்படிச் சொல்வது? இத்தனை வருஷத்தில் அந்த ஆபீசில் நான் வாய் திறந்தது, டீயை நீட்டி அவர்கள் பேச்சில் 'சா' என்று சொல்லத்தான்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். பெரிய பாபு குல்லாவைத் தேடினார். ரிப்பேர்காரரிடம் டம்ளரை நீட்டும்போது, எனக்குத் தெரிந்த வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னேன். "நான் மாடிக்கு டீ கொண்டு போற அன்னைக்குத்தான் கெடுது."

அவர் டம்ளரை வாங்கவில்லை. "மாடியில யார் குடிக்கிறாங்க, மாஷி?"

நான் குல்லாவைப் பார்த்தேன்.

அவர் அந்தப் பெண்ணைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொல்லிவிட்டு, பெரிய பாபுவின் பின்னாலேயே படியேறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் வைஃபை அறுந்ததாம். லேப்டாப்பில் திறந்திருந்த பட்டியல் பாதி எழுத்தில் நின்றுவிட்டது. கீழே கெட்டுப்போயிற்று. அவள் கையைக் கட்டியபடியே இருந்தாள்.

இறங்கி வந்த ரிப்பேர்காரர், பட்டியலை மூடாமல் லேப்டாப்பை யாரும் நகர்த்தக் கூடாது என்று பொதுவாகச் சொன்னார். தனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது என்றார் பெரிய பாபு. திங்கட்கிழமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தாள். விடுதியைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிவிட்டாளாம்.

"அந்த ரிப்பேர்காரர் கெட்டிக்காரரும்மா. எப்படியோ கண்டுபிடிச்சுட்டாரு."

"ஆமா" என்றேன்.