அவிய சாப்ட்டாவளா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிராணிகள் காப்பகம் இருந்தது. தெருவில் அடிபட்டதையும் அநாதையாகக் கிடந்ததையும் தூக்கிவந்து வைத்திருப்பார்கள். தகரக் கொட்டகை, கம்பிவலை, பினாயில் வாசம். மற்ற பூனைகளெல்லாம் வலையில் ஏறிக் கத்திக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது.

"அது வேண்டாம்மா," என்றார் காப்பகத்துக்காரம்மா. "ஆளைக் கண்டாலே ஒளிஞ்சிக்கிடும். கலகலன்னு இருக்கிற ஒண்ணு தாரேன்."

"இதுவே போதும்."

கலகலப்பு எனக்கெதற்கு? ஏட்டி, தண்ணி. ஏட்டி, துண்டு. ஏட்டி, லைட்ட அமத்து. கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் பேச்சு என்பது அம்புட்டுதான். சாப்பிட்டாயா என்று ஒருவர் கேட்டு நான் பதில் சொன்ன ஞாபகமில்லை. கேட்க வாயில்லாத ஒன்றாவது என் பக்கத்தில் வந்து உட்காரட்டுமே என்றிருந்தது. அது எவ்வளவு பெரிய பேராசை என்று அப்போது தெரியாது.

"நீங்களாத் தொட்டுராதீங்க. அதுவா வரணும்," என்று சொல்லி அனுப்பினார் அந்தம்மா. ராஜபாளையம் பஸ்ஸில் சோப்பு அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டி நடுங்கிக்கொண்டே வந்தது.

என் கணவருக்கு நூல் மில்லில் ஃபிட்டர் வேலை. பெட்டியைத் திறந்ததும் பூனை கட்டிலுக்கடியில் பாய்ந்தது.

"நாய்க்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு, பூனையப் போயித் தூக்கிட்டு வந்திருக்கா பாரு!" என்று சிரித்தவர், குனிந்து பார்த்தார். "ஏன், மகாராணி வெளிய வரமாட்டாவளோ?"

கேலிதான். அன்றிலிருந்து அது 'அவிய' ஆனது. அவிய வந்தாவ, அவிய படுத்தாவ என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைச் சொல்கிற சொல். அவரைச் சொல்ல எனக்கிருந்த ஒரே சொல்லை அவர் பூனைக்குக் கொடுத்தார். பக்கத்துவீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காத்திருந்தேன். பாலைக் கிண்ணத்தில் ஊற்றித் தள்ளிவைத்துவிட்டு, உள்ளங்கையை விரித்துத் தரையில் படுத்துக் கிடந்தேன். மேற்கே மலையில் மழை இறங்கியது, வெறித்தது, மறுபடி இறங்கியது. கை வெறுங்கையாகவே கிடந்தது.

ஒரு சாயங்காலம் குழாயடியிலிருந்து குடத்தோடு நுழைகிறேன். அவர் மடியில் பூனை. கிரீஸ் படிந்த காக்கியில், கூப்பிடாமலே போய், கண்ணை மூடிக்கொண்டு.

"யாரு கிழிச்சா இந்தக் காத? ரொம்ப வலிச்சுதோ?"

அந்தத் தொண்டைக்குள் அப்படியொரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. என் முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இருந்தது. குடத்தை இறக்கிவைத்தேன்.

அதன்பின் தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வரும். "ஏட்டி, அவிய சாப்ட்டாவளா?"

எனக்குக் காய்ச்சல் கண்ட நாளில் உலை வைக்கவில்லை. அவர் மில் பக்கம் கடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தேன். பூனைக்கு ஊற்றியிருந்த பால் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியபோது ஊர்ந்துபோய் எடுத்து, ஒரே மூச்சில் குடித்தேன். கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு கண்கள் பார்த்தன. அப்போதும் அது கிட்டே வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம்.

"ஏட்டி, அவிய சாப்ட்டாவளா?"

"சாப்ட்டாவ."

பூனை ஓடிப்போய் அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

"பொறவு எதுக்குக் கத்துதாவ?"

"அவியளையே கேளுங்க," என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன்.