ஒதுங்கி நின்ற இரண்டு புள்ளிகள்

விர்ஜினியைப் பற்றி எழுதுவதென்றால் மின்விசிறியிலிருந்துதான் தொடங்கவேண்டும். புதுச்சேரியில் எங்கள் ஆய்வு அலுவலகத்தில் எனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே விசிறி. அதற்கு நேர் கீழே என் மேசை. கம்ப்யூட்டர் சூடானால் நின்றுவிடும் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். விர்ஜினி மூலையில் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பாள். ஒருநாளும் கேட்டதில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினால் உடைந்த துண்டு அவளுக்கு, ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஓரத்து விளிம்பு அவளுக்கு.

"எல்லாருக்கும் வழி விட்டுக்கிட்டே இருக்கியே, நீ என்னா டிராஃபிக் போலீஸா?" என்று கேட்பேன்.

"பரவால்ல புருஷோத், எனக்கு எதுக்கு?" என்பாள். அந்தப் 'பரவால்ல'யைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். தங்கை க்ளோயே கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். விர்ஜினியிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே என்று தங்கிவிட்டாள். அப்பா இறந்த பிறகும் முத்தியால்பேட்டை வீட்டில் தனியாக இருந்தபடி, படித்த உளவியலை வைத்துக்கொண்டு எங்களிடம் வேலைக்கு வந்தாள்.

எங்கள் வேலையை வீட்டில் சொல்லிப் புரியவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கடலோர ஊர்களுக்கு வலை வந்தது, படகு வந்தது, ஐஸ் பெட்டி வந்தது. ஆனாலும் சில இடங்களில் வியாபாரம் பழையபடி எழவில்லை. ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. விர்ஜினி ஆட்களோடு உட்கார்ந்து பேசுவாள். ஒருத்திக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், பக்கத்தில் நிற்கிறவள் மனசில் என்ன இருப்பதாக நினைக்கிறாள், அதை நினைத்து அடுத்து என்ன செய்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அதை நான் விதிகளாக எழுதி கம்ப்யூட்டரில் போடுவேன். திரையில் ஆளுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் தங்கள் தங்கள் யோசனைப்படி நடக்கும், வாங்கும், விற்கும். நிஜச் சந்தையும் அந்தச் சந்தையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே உதைக்கின்றன என்று பார்ப்போம்.

2007இல் தேங்காய்த்திட்டு துறைமுகத்து மீன் ஏலத்தை அப்படிக் கட்டினோம். எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக நடந்தன, இரண்டைத் தவிர. சங்கரா மீன் கூடை ஏலத்துக்கு வரும். பச்சைப் புள்ளி முன்னால் போகும், நீலப் புள்ளியும் போகும். கிட்டே வந்ததும் இரண்டும் பின்வாங்கிவிடும். கூடை வேன் வைத்திருக்கிற வெளியூர் வியாபாரிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் இதே கதை. நான் எழுதியதில்தான் பிழை என்று வரிவரியாகத் தேடினேன். கம்ப்யூட்டரைத் திட்டினேன். அது போதாமல் விர்ஜினியையும் திட்டினேன்.

"பிழை இல்ல புருஷோத்," என்றாள் அவள். "ரெண்டு பேரும் அப்படித்தான் சொன்னாங்க. அப்படித்தான் செய்யறாங்க. நான் நேர்ல பாத்தேன்."

நீலம் கமலவேணி. பச்சை சுலோசனா. இருவரும் வீராம்பட்டினத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. தலைச்சுமையாக மீன் விற்பவர்கள். ஒரு முழுக் கூடையை எடுக்கத் தனி ஆளால் முடியாது. அதனால் கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து சேர்ந்தே ஏலம் எடுத்து, இரண்டு கூறாகப் பிரித்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி கூறு போட்டால் மற்றவள்தான் முதலில் எடுக்கவேண்டும். கூறு போடுகிற கை நேர்மையாக இருப்பதற்கு அதைவிட நல்ல காவல் வேண்டியதில்லை.

சுனாமியன்று முதல் அலை வந்து உள்வாங்கியபோது, கரையோரக் கொட்டகையில் கமலவேணியின் தராசு மாட்டிக்கொண்டிருந்தது. சுலோசனாவின் கணவர் பக்கிரியிடம் "செத்த எடுத்தாந்துடுண்ணே" என்றாள். அவர் போனார். அடுத்த அலை வந்தது. அன்றோடு இரண்டு பெண்களும் பேசிக்கொள்வது நின்றுவிட்டது.

நீலப் புள்ளியின் விதியில் விர்ஜினி எழுதிக் கொடுத்தது இது: 'என்னால்தான் அவள் தாலி போனது. என் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெறுப்பு. அவள் நிற்கிற கூடைப் பக்கம் நான் போகமாட்டேன், அவளே எடுக்கட்டும்.' பச்சைப் புள்ளியின் விதி இது: 'நான் தாலி அறுத்தவள். விடிகாலையில் என் முகத்தில் விழித்தால் யாவாரம் ஓடாது என்று அவள் பயப்படுகிறாள், அதனால்தான் ஒதுங்குகிறாள். அவள் நல்லா இருக்கட்டும், நான் தள்ளி நிற்கிறேன்.'

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் படித்தேன்.

"போய்ச் சொல்லித் தொலையேன். ரெண்டு வார்த்தைல முடிஞ்சிடும்," என்றேன்.

"முடியாது. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போவாதுன்னு வாக்கு குடுத்துட்டுத்தானே பேச வச்சேன். அதை நம்பித்தானே மனசத் தொறந்தாங்க?"

"இப்படியே விட்டா சுலோசனா யாவாரத்த விட்டுட்டுப் போயிடுவாங்க."

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. தனி ஆளாகச் சில்லறை மீன் வாங்கி விற்று மாளவில்லை என்று சுலோசனா கூடையைக் கவிழ்க்க முடிவு செய்துவிட்டாள். ஆடித் திருவிழா முடிந்ததும் டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போவதாகப் பேச்சு. போய்விட்டால் இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்கிற அந்த ஏலத்தரையும் இல்லாமல் போய்விடும். விர்ஜினி மதியச் சாப்பாட்டைத் திறந்துவைத்துவிட்டுப் பிசைந்துகொண்டே இருப்பாள். சாப்பிடமாட்டாள்.

எங்கள் வேலையில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. கட்டிய மாதிரியை அந்த ஊர்க்காரர்களிடமே கொண்டுபோய் விளையாட்டாக ஆடிக் காட்டச் சொல்வோம். நாங்கள் எழுதியது சரியா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீராம்பட்டினத்துப் பெண்கள் சங்கக் கட்டடத்தில் அதை வைத்துக்கொண்டோம். அட்டையில் வெட்டிய மீன், நிஜக் கூடை. ஏலம் கூறுகிறவன் நான். என் குரலைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

விர்ஜினி விளையாட்டின் விதியைச் சொன்னாள். "உங்கள நீங்களே ஆடக்கூடாது. உங்களுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரா ஆடணும். அவங்க என்னா நெனப்பாங்களோ அத வாய்விட்டுச் சொல்லணும்."

மற்றவர்கள் மாமியாரையும் நாத்தனாரையும் வெளியூர் வியாபாரியையும் எடுத்துக்கொண்டு கூத்தடித்தார்கள். கமலவேணியின் முறை வந்தது. "பக்கிரி அண்ணன் பொண்டாட்டியா ஆடறேன்," என்றாள். கூடத்தில் சத்தம் அடங்கியது. சுலோசனா சுவரோரத்தில் இருந்தபடியே, "அப்ப நான் அவளா ஆடறேன். எனக்கு வேற யாரத் தெரியும்?" என்றாள்.

நான் சங்கராக் கூடையை நடுவில் வைத்தேன். "ஒரு தரம்..." என்று தொடங்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சுலோசனாவாக நின்ற கமலவேணி எதிரில் இருந்தவளைப் பார்த்தாள். "உன் தராசுக்காவத்தானே என் வூட்டுக்காரரு திரும்பிப் போனாரு? உன் மூஞ்சில முழிக்கக்கூட எனக்குப் புடிக்கல," என்றாள்.

சுலோசனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் எங்க அப்டி சொன்னேன்? எப்ப சொன்னேன்?"

"அக்கா," என்றாள் விர்ஜினி மெல்ல. "ஆட்டம் நடக்குது. கமலவேணியா பதில் சொல்லுங்க."

சுலோசனா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "தாலி அறுத்தவ எதிர்ல நின்னா எனக்கு யாவாரம் ஓடாது. தள்ளி நில்லு," என்றாள்.

"அடிப்பாவி!" கமலவேணி கையிலிருந்த அட்டை மீனை வீசி எறிந்தாள். "நானாடி அப்டி நெனப்பேன்? உன் மூஞ்சியப் பாக்காம எனக்கு விடிஞ்ச நாளு ஒண்ணு சொல்லு! அண்ணன அனுப்பினவளே நானு. எந்த மூஞ்சிய வச்சிகிட்டு உன்கிட்ட வருவேன்?"

"கொட்டகையில எந்தப் பொருள் மாட்டியிருந்தாலும் அந்த மனுசன் போயிருப்பாருடி. நீ சொல்லித்தான் போனாராக்கும்? அவரப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் மொத்தக் கூடமும் சேர்ந்து அழுதது. நானும் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. விர்ஜினி மட்டும் வழக்கம்போல் கதவோரமாக ஒதுங்கி நின்று, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் முடிந்த பிறகு ஒருநாள் விடிந்ததும் தேங்காய்த்திட்டுக்கு அவளை என் ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். ஏலத்தரையில் சுலோசனா நின்றிருந்தாள், பக்கத்தில் கமலவேணி. வேன்காரரோடு தொண்டை கிழியக் கத்தி ஒரு சங்கராக் கூடையை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் தெளித்த தரையில் சுலோசனா குந்தி உட்கார்ந்து கூறு போட்டாள். இரண்டு கூறு போட்டவள், ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து மூன்றாவதாக ஒன்று சேர்த்தாள்.

"பாப்பா, இங்க வா," என்று கூப்பிட்டாள். "மொதல்ல நீ எடு."

விர்ஜினி இரண்டடி பின்னால் போனாள். "எனக்கு எதுக்குக்கா? பரவால்ல, நீங்க எடுங்க."

"எடுன்னா எடு."

தப்பமுடியாது என்று தெரிந்ததும் குனிந்து, இருப்பதிலேயே சின்னக் கூறின்மேல் கை வைத்தாள். கமலவேணி அந்தக் கையின்மேல் ஓங்கி ஒன்று போட்டாள்.

"ஒதுங்கி ஒதுங்கி நாங்க ரெண்டு பேரு கெட்டது பத்தாதா? மூணாவதா நீ ஒருத்தி வேணுமா? பெருச எடுடி!"

விர்ஜினி கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவளை யாரும் அவ்வளவு உரிமையோடு திட்டி நான் கேட்டதில்லை. பிறகு குனிந்து பெரிய கூறை இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள். முத்தியால்பேட்டை போய்ச் சேரும்வரை பின்னால் உட்கார்ந்து விசும்பிக்கொண்டே வந்தாள். மீன் தண்ணீர் என் கால்சட்டையெல்லாம் வடிந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் வந்தவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"தள்ளு புருஷோத். எனக்கும் வேர்க்குது."

தள்ளி உட்கார்ந்தேன்.