பில் நகல் கேட்டு மனு கொடுத்த கதை

எங்கள் தெருவுக்குத் தார் ரோடு போட்டாகிவிட்டது என்று கிராம சபையில் சொன்னார்கள். தெருவில் இருப்பது செம்மண். போன மழையில் வண்டி சறுக்கி விழுந்த அம்மா இன்னும் படுக்கையில் இருக்கிறார்.

அதனால் இன்று காலை, அந்த ரோட்டு வேலையின் பில் நகல் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தேன்.

அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "உக்காருங்க சார். போன் நம்பரையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க, ரெடியானதும் கூப்புடுறோம்."

எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே போன் வந்தது. பேசியவர் ரோடு காண்ட்ராக்டர்.

"அண்ணே, மனு குடுத்திருக்கீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. ஒங்க வீட்டம்மா டீச்சர்தான? சாயங்காலம் கம்மாக்கரைப் பக்கம் தனியா வண்டியில வாராங்க. பாத்து வரச் சொல்லுங்க."

"மனுவ வாபஸ் வாங்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன். சாயங்காலம் நானே பள்ளிக்குப் போய் மனைவியை அழைத்து வந்தேன். ஏன் வந்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில் தர அலுவலகத்துக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு. எனக்கோ பஸ் கீரனூரைத் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

இந்தப் பதிலை எதிர்த்து யாரிடம் மேல்முறையீடு செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.